29சி-யின் இடது பக்கம்

சுப்புராயன் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையால் கியர் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார். கியரும் கிடையாது, காரும் கிடையாது. அறுபத்தாறு வயதில் மனுஷனுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும்? ஐரோப்பாவில் ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில் என்று யூடியூபில் பார்த்த நாளிலிருந்து தினமும் காலையில் இந்தக் கூத்துதான். துணி காயப்போட வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மகள் ஷீலா பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கிறாள். மே மாதம் அப்பாவும் அம்மாவும் அங்கே போகிறார்கள். அங்கிருந்து மூன்று பேருமாக எல்லை தாண்டி பாரீஸுக்குப் போய்வருவதாகப் பேச்சு. எதில் போவது என்பதில்தான் இரண்டு மாதமாகப் பஞ்சாயத்து. ரயில் ஒன்றரை மணி நேரத்தில் ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும். ஆனால் நாளாக நாளாக டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும். பஸ்ஸுக்கு நாலு மணி நேரம், விலை குறைவு, வழியில் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்டாலும் கேட்பார்கள். வாடகைக் கார் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், ஆனால் எடுத்த ஊரிலேயே கொண்டுபோய் விட வேண்டும். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடு நைனா" என்று ஷீலா கெடு வைத்திருந்தாள். இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சுப்புராயனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கார்தான். திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு நடை நடந்து இன்டர்நேஷனல் லைசென்ஸ்கூட வாங்கி பீரோவில் வைத்தாயிற்று.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் 29சி, பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர். இன்றைக்கும் கண்ணை மூடினால் வழி முழுக்க வரும். பெசன்ட் நகரின் உப்புக் காற்று, அடையாறு பாலத்தில் விடிகாலையில் மினுங்கும் ஆற்றுத் தண்ணீர், மந்தைவெளியில் ஸ்கூல் பிள்ளைகளின் கூச்சல், பின்னாலிருந்து கண்டக்டர் ஹபீபுர் ரஹ்மானின் ரெண்டு விசில். ஆகா, அதெல்லாம் ஒரு காலம்!

அந்த வண்டியில்தான் பெண்டாட்டி சுலோச்சனாவும் வருவாள். கல்யாணமான மறு வருஷமே லஸ்ஸில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். காலையில் அடையாறு ஸ்டாப்பில் நிற்பாள். காலியாக வண்டி வந்தாலும் ஏற மாட்டாள். புருஷன் ஓட்டிவரும் வண்டி வந்தால்தான் ஏறுவாள். இடது பக்கம், முன்னால் லேடீஸ் சீட்டு. ஏறி உட்கார்ந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். டிரைவரோடு பேசக் கூடாது என்றுதான் கண்ணெதிரே எழுதிப் போட்டிருக்கிறதே! அந்தக் கால் மணி நேரம் மட்டும் சுப்புராயன் பிரேக்கைப் பூப்போல மிதிப்பார். லஸ்ஸில் அவள் இறங்கும்போது கண்ணாடியில் புடவைத் தலைப்பு ஒரு நொடி தெரியும்.

ஊரையே ஏற்றிக்கொண்டு போனவர், பெண்டாட்டியை மட்டும் வைத்து ஒரு வண்டி ஓட்டியதில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று ஒரு திமிர், அதுவும் வாங்கவில்லை. செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது அவளை உட்காரவைத்து ஓட்டிவிட வேண்டும், அதுவும் நாடு விட்டு நாடு. இதுதான் ஆசை. வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஹபீபுர் ரஹ்மான் ஐஸ்ஹவுஸிலிருந்து வந்தார், வரும் வழியில் நொச்சிக்குப்பத்தில் வாங்கிய மீனோடு. சுலோச்சனா அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"இன்னா டிரைவரே, கார் ஓட்டப் போறியாமே? விசில் இல்லாம வண்டிய எப்பிடி எடுப்ப? பேசாம ரயில்ல போ. கால நீட்டிக்கினு ஜம்முனு போலாம்."

"பாய், நீ வேற! ரயில்ல இன்னா கீது? எவனோ ஓட்டுவான், நாம மூட்டை மாதிரி போவணும்."

அதற்குள் ஷீலா வீடியோ காலில் வந்துவிட்டாள். "நைனா, காரு பாத்துட்டேன். என் பேர்ல எடுத்து, உன்ன ரெண்டாவது டிரைவரா போட்டுக்கலாம். ஓகேவா?"

சுப்புராயனுக்குத் தலைகால் புரியவில்லை. "டபுள் ஓகே! நான் ஓட்றேன். நீ பக்கத்துல குந்திக்கினு மேப்பு பாத்து வழி சொல்லு. அம்மா பின்னாடி ஒக்காந்துக்கட்டும்."

மீன் கழுவிய கையோடு சுலோச்சனா வெளியே வந்தாள்.

"எங்க? பின்னாடியா?"

"ஆமா சுலோ. ஜன்னலாண்ட. வேடிக்க பாத்துக்கினு வா."

"இன்னாத்தய்யா வேடிக்க பாக்கறது? உன் முதுகையா?" அவள் குரல் உயர்ந்தது. "வருசக்கணக்கா உன் முதுகையும் எடது காதையும்தான பாத்துக்கினு வந்தேன்? லஸ்ல எறங்கறதுக்குள்ள உன்னாண்ட பேச எவ்ளோ இருக்கும் தெரியுமா? எல்லாத்தையும் முழுங்கிட்டுத்தான் எறங்குவேன். வூட்டுக்கு வந்தா ஷிப்டு அலுப்புன்னு தூங்கிடுவ. இப்பவும் நீ ரோட்டப் பாரு, நான் முதுகப் பாக்கறேன். அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்? இங்கியே 29சி-ல ஏறி ஒக்காந்துக்கறேன்."

சுப்புராயன் பொசுக்கென்று கோபப்படுகிற ஆள். இன்றைக்குக் கோபம் வரவில்லை. அவள் தன் வண்டிக்காகக் காத்திருந்ததை நினைத்து நினைத்துப் பூரித்தவருக்கு, அவள் பேச முடியாமல் இறங்கிப்போனது இத்தனை வருஷமாகத் தெரியாமலே போய்விட்டது.

"ஷீலா," என்றார், "காரு வேணாம். பஸ்ல போடு."

"பஸ்ஸா? ரயில்னா சீக்கிரம் போயிடலாமே நைனா."

"ஒண்ணர மணி நேரம் பத்தாதும்மா. அம்மாவுக்குப் பேச நெறைய கீதாம். பஸ்ஸுனா நாலு மணி நேரம் ஆவுமில்ல?"

பஸ்ஸில் எந்தெந்த சீட்டு காலி என்று காட்டும் படத்தை ஷீலா அனுப்பினாள். சுப்புராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டெப்போவில் டியூட்டி சீட்டைப் பார்ப்பது போலக் கவனமாகப் பார்த்தார். "அம்மாவுக்கு எடது பக்கம் மொத சீட்டு, ஜன்னலாண்ட. எனக்கு வலது பக்கம் போடு."

அந்தப் பக்கம் ஷீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "நைனா! இங்க லேடீஸ் சீட்டு, ஜென்ட்ஸ் சீட்டெல்லாம் கெடயாது. ஒண்ணாவே குந்தலாம்."

ஹபீபுர் ரஹ்மான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "விட்டா, தங்கச்சிக்கு டிக்கெட்டும் கிழிச்சுக் குடுப்பாரு போல!"

சுப்புராயன் அசடு வழிந்தார். பஸ்ஸில் பெண்டாட்டி பக்கத்தில் உட்காரலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சுலோச்சனா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, போனை எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல் எனக்கு. பக்கத்துல நீ," என்றாள். "ஆனா ஒண்ணு. அங்க கீற டிரைவர், கட்டடிக்கிறான் பிரேக்கடிக்கிறான்னு ரோட்டயே பாத்துக்கினு வரக் கூடாது, ஆமா."

"போ சுலோ," என்றார் சுப்புராயன். "ரோட்டுப் பக்கமே திரும்ப மாட்டேன்."