பள்ளிகொண்டாவுக்குப் பாட்டு பஸ்ஸில்

ஆம்பூர் பஸ் நிலையத்தில் அன்று மூன்று பேர்: நான், என் மனைவி வள்ளி, துணைக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை. அப்பா வரவில்லை. அவர் வேலை பார்க்கும் தோல் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை எடுத்தாக வேண்டிய நாள். 1982, ஆவணி ஞாயிறு. கல்யாணமான புதிதில் பள்ளிகொண்டா பெருமாளைப் பார்த்து வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். காதலைப் பற்றி நாலு பக்கம் எழுதுவேன். வள்ளியோ அதுவரை என்னிடம் சொன்னது "ம்" மட்டும்தான். என்னைப் பிடித்திருக்கிறதா என்பதே தெரியவில்லை.

எட்டரைக்கு அரசு பஸ் காலியாக வந்தது. ஏறப் போனேன்.

"இது வேணாங்க. பாட்டு பஸ்ல போலாம்."

என்னிடம் அவள் முழுதாகச் சொன்ன முதல் வார்த்தை! டேப் வைத்த தனியார் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம்.

"பெருமாள பாக்கப் போறமா, பாட்டு கேக்கப் போறமா?" என்றாள் அத்தை.

டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மாதனூர் தாண்டியதும் ஒரு பாட்டு வந்தது. மழை விட்ட பிறகும் புளியமரம் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே ஒரே துண்டைத் தலையில் போட்டபடி இருவர் நிற்கிறார்கள். பாட்டு முழுக்க அவ்வளவுதான். முன் சீட்டில் வள்ளியின் தலை லேசாக ஆடியது.

தரிசனம் முடிந்து பாலாற்று மணலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். "அந்தப் பாட்டோட உவமை நயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"டேய், காலேஜை வூட்ல வெச்சிட்டு வர்றதுதானே?" என்றாள் அத்தை. வள்ளி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதுல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. அதான் எனக்குப் புடிக்கும்" என்றாள்.

"பேசலன்னா, புடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"மழை வுட்டும் போகாம நிக்கிறாங்களே!"

நான் இன்னொரு கை புளியோதரை எடுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குத் திருப்பத்தூர் போகும் பாட்டு பஸ். முன்னால் ஒரு இடம் இருந்தது; அத்தை உட்கார்ந்துகொண்டாள். கடைசி நீள சீட்டில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. டேப்போடு சேர்ந்து வள்ளியும் மெல்லப் பாடினாள். இஞ்சின் இரைச்சலில் அது என் காதுக்கு மட்டும் கேட்டது.

ஆம்பூர் வந்தது. பாட்டு பாதியில் இருந்தது. எழுந்தேன். என் சட்டைக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குடா!" கீழே இறங்கிவிட்ட அத்தை கத்தினாள். பஸ் நகர்ந்தது.

"இன்னா சார், ஆம்பூர் போய்ட்ச்சே?" என்றார் கண்டக்டர்.

"வாணியம்பாடி ரெண்டு குடுங்க."

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். சிரித்தபடி, "டிரைவரண்ணே, சவுண்டு ஜாஸ்தி வைங்க!" என்று குரல் கொடுத்தார்.

"வேணாங்க, கம்மியா வைக்கச் சொல்லுங்க" என்றேன். எனக்கு டேப்பா கேட்க வேண்டும்?

போக வர இருவருக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு: நான்கு ரூபாய்.