ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும்

'கெஸ்ட்டு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். வீட்டுக்கு கெஸ்ட்டு வந்தால் காபி போடுவார்கள். ஹாக்கி டீமுக்கு கெஸ்ட்டு வந்தால் உள்ளூர்க்காரியை உட்கார வைப்பார்கள். முதல் சுற்றுகளில் நாங்கள் வெயிலில் கருகி, முட்டி தேய்ந்து, டீமை மேலே இழுத்துக்கொண்டு வருவோம். அரையிறுதி அன்றைக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வெளியூர்க்காரி ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். அவளுக்கு ஆட்டோ, பிரியாணி. எனக்கு பெஞ்சு.

என் ஜெர்சியும் போய்விடும். எங்கள் டீமில் ஆட்களைவிட ஜெர்சி குறைவு. நான் ஃபார்வர்டு, ஏழாம் நம்பர். வருகிறவளும் ஃபார்வர்டு என்பதால் நான்தான் கழற்றிக் கொடுக்க வேண்டும். மேட்ச் முடிந்ததும் அவள் அதைச் சுருட்டி என் மடியில் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவாள். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் காயவைத்து, கோச் கையில் கொடுக்க வேண்டியது என் வேலை. ஓடியது அவள், சோப்புப் போட்டது நான். கேட்டால் அதுதான் வழக்கமாம். நாசமாய்ப் போன வழக்கம்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் இருந்தேன். நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஒரு அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். திண்டிவனத்தில் நடக்கும் போட்டியின் அரையிறுதியைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். எடுத்தால் வேலை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்தவர் யாரும் இல்லை. அப்பா விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். மழை பெய்தாலும் வானத்தைத் திட்டுவார், பெய்யாவிட்டாலும் திட்டுவார். எனக்கோ வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அந்த ஒரு மேட்சில் நான் களத்தில் இருந்தாக வேண்டும்.

மைதானத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கோச்சிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"சார், எனக்கு ரிலீஸ் வேணும். திண்டிவனம் டீமுக்குப் போறேன்."

"இங்க இன்னாம்மா கொறை உனக்கு?"

"செமி ஃபைனல்ல எறக்கியே வுட மாட்றீங்க சார்."

"நீ டீமுக்குத் தூணு மாதிரிம்மா."

"தூண எதுக்கு சார் செமி அன்னிக்கு மட்டும் பெஞ்சில குந்த வைக்கிறீங்க?"

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போனது. அதன்பிறகு ரிலீஸ் தருகிறேன் தருகிறேன் என்று கோச் என்னை நாயாக அலையவிட்டார். பிராக்டிஸுக்குப் போனால் என்னைக் கோல் போஸ்டுக்குப் பின்னால் நிறுத்தி பந்து பொறுக்க வைத்தார். என்னோடு பேசினால் அவருக்குக் கோபம் வரும் என்று கூட ஆடியவர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். அவ்வளவு அவமானத்தையும் முழுங்கிக்கொண்டு தினமும் போய் நின்றேன். ஒருநாள் சலித்துப்போய் ரிலீஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "போ, அங்க போயி கிழி," என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "நாம ரெண்டு ஊருக்கும் நடுவுலதான கீறோம். எந்தப் பக்கம் பஸ் ஏறினா இன்னா?" என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

திண்டிவனம் கோச் ஒரு மேடம். என்னை ஒரு பிராக்டிஸ் மேட்சில் ஆடவிட்டுப் பார்த்தார். முதுகில் தட்டினார். "முதல் ரவுண்டுக்கெல்லாம் நீ பஸ்ல அலையாதம்மா. செமிக்கு வந்தாப் போதும்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் யாராவது எனக்கு இப்படி ஒரு மரியாதை கொடுத்திருக்கிறார்களா? அன்றைக்கு வீடு வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். மக்கு! எத்தனையோ பேர் வந்து என் ஜெர்சியை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தவளுக்கு, அந்த வார்த்தையின் அர்த்தம் புரியவில்லை.

அரையிறுதி மாலையில். எதிர் டீம் வேறு யாரு, எங்கள் விழுப்புரம்தான். மதியம் மைதானத்துக்குப் போனேன். காலையில்தான் திண்டிவனம் கால் இறுதி ஜெயித்திருந்தது. மேடம் ஒருத்தியைக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும், முழங்காலில் புதுச் சிராய்ப்பு. "ஜல்தி கழட்டிக் குடுடி, டைம் ஆவுது," என்றார். அவள் ஷாமியானாவுக்குப் பின்னால் போய் வேறு பனியனை மாட்டிக்கொண்டு வந்து, ஒன்பதாம் நம்பர் ஜெர்சியை என்னிடம் நீட்டினாள். ஈரமாக இருந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? போட்டுக்கொண்டேன். வேலை வேண்டும் எனக்கு. அந்த ஈரம் முதுகில் ஒட்டியபோது உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

முழு மேட்சும் ஆடினேன். என் ஏழாம் நம்பரைப் போட்டுக்கொண்டு எதிரில் ஓடியவள் ரயிலில் வந்த ஒருத்தி. இரண்டு கோல் அடித்தாள். எனக்கு ஒரு சான்ஸ் வந்தது, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. தோற்றோம். துறைக்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கி அவளைத்தான் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பக்கத்தில் என் பழைய கோச் நின்றுகொண்டு, அவளைப் பெற்றவர் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு அந்த ஸ்டிக்கை அங்கேயே உடைத்துப் போடலாம் போலிருந்தது.

ஷாமியானாவுக்குப் பின்னால் போய் ஜெர்சியைக் கழற்றினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"நான் எடுத்துனு போயி தொவச்சுத் தர்றேன்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜெர்சியை என் கையிலிருந்து இழுத்து, சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள்.

"வேணாங்க. கெஸ்ட்டு தொவைக்கிறதில்லீங்க," என்றாள்.