பச்சைக் கரை போட்ட மஞ்சள் துணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் புக்கிங் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து வரும் எங்கள் வண்டியில் பெரும்பாலும் காற்றுதான் உட்கார்ந்து வரும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூர்க்காரர்களுக்குக் காடு மேடு சுற்றுவதென்றால் கொள்ளை ஆசை. சூளகிரி தாண்டி ஒரு குன்றுக்குப் பின்னால் பழைய நடுகற்கள் இருக்கின்றனவாம். வண்டியை அங்கே நிறுத்தி, நடத்திக் கூட்டிப்போய்க் காட்டி, மத்தியானச் சாப்பாடும் போட்டு அனுப்பினால் என்ன?

"அந்தப் பக்கமெல்லாம் யாருக்குய்யா பழக்கம்?" என்று ஆபீசில் கேட்டார். அதே மூச்சில், "ஊத்தங்கரை புக்கிங்குக்கும் ஒரு ஆள் வேணும்," என்றார்.

இரண்டையும் அவர் சேர்த்துச் சொன்னது தற்செயலாக இருக்கலாம். என் வாய் அதையெல்லாம் யோசிக்கவில்லை. "எனக்குத்தாங்க பழக்கம். அந்தக் குன்று நமக்கு வீட்டுக் கொல்லை மாதிரி," என்று சொல்லிவிட்டது. என் வீட்டுக்கு அப்போது கொல்லையே கிடையாது.

"சரி, ஒழுங்கா செஞ்சா இங்கயே இரு. சொதப்பினா ஊத்தங்கரை," என்றார் முதலாளி.

ஊத்தங்கரை நல்ல ஊர்தான். ஆனால் என் மனைவிக்குத் தாய்வீடு காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரியிலிருந்து நினைத்தபோது போய்ச் சண்டை போட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும் தூரம். "மாத்தினா நீங்க மட்டும் போங்க. பொட்டி படுக்கையெல்லாம் நானே கட்டித் தரேன்," என்று முன்பே சொல்லியிருந்தாள்.

முதல் நடைக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் திருட்டுத்தனமாகச் சூளகிரிப் பக்கம் போய், ஆடு மேய்க்கும் ஒருவரைப் பிடித்தேன். பீடிக்கட்டு ஒன்றுக்கு இசைந்து அவர் என்னை முள்ளுக்குள்ளும் பாறைக்குள்ளும் இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் மூன்று கற்கள். வில்லும் வாளுமாக வீரர்களைச் செதுக்கியிருந்தார்கள். ஒருவன் மார்பில் அம்பு. அந்த நிலையிலும் அவன் முகத்தில் என்னைவிடத் தெளிவு இருந்தது.

"வேடியப்பனுங்க, எங்க சாமி," என்று கற்களைக் கும்பிட்டார் ஆட்டுக்காரர்.

"நடை அன்னிக்கும் நீங்களே வந்துடுங்க," என்றேன்.

"நாளைக்கே ஆட்ட ஓட்டிக்கினு அஞ்செட்டிப் பக்கம் போறனுங்க. வழிதான் காட்டிட்டனே, இன்னும் இன்னா?"

இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் பையில் மஞ்சள் துணி கொண்டு போயிருந்தேன். மனைவியின் பழைய புடவையில் பாதி. அவளுக்குத் தெரியாமல் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்தது. திரும்பி வரும் வழியில், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் செடியில் ஒரு துண்டு கட்டினேன். எல்லாத் துண்டிலும் பச்சைக் கரை இருக்கும்படி பார்த்துக் கிழித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் குறைவு. அது அதில் ஒன்று.

நடை நாள் வந்தது. பெங்களூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். முன்னால் குடையோடு ஒரு ரிட்டயர்டு எஞ்சினியர், பக்கத்தில் அவர் மனைவி. முதலாளியும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் செடியில் என் துணி ஆடியது. "இப்படி வாங்க," என்றேன் கம்பீரமாக. இரண்டாவது செடியில் இரண்டு துணி. கண் மங்குகிறதோ என்று துடைத்துக்கொண்டேன். மூன்றாவது செடியில் ஐந்தாறு. அதற்கப்புறம் பார்த்த புதரிலெல்லாம் மஞ்சள். குன்றுக்கே சடங்கு சுற்றியது போல இருந்தது.

எதிரில் ஒரு அம்மாள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டேன்: "எதுக்கும்மா கட்றீங்க?"

"தெரியலப்பா. செடியெல்லாம் கட்டிக் கெடந்துச்சு. எதோ சக்தி இல்லாமயா கட்டுவாங்க? மருமவ வயித்துல ஒரு புள்ள தங்கட்டும்னு நானும் ஒண்ணு."

எங்கள் பக்கத்தில் செடியில் மஞ்சள் துணியைப் பார்த்தால் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள், வழி என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. நானே இரண்டு கோயிலில் கட்டியவன். கட்டும்போது மட்டும் மறந்துபோனது.

பரவாயில்லை, பச்சைக் கரை இருக்கிறதே என்று மனதைத் தேற்றினேன். கரை இருந்தால் என்னுடையது, இல்லாவிட்டால் ஊருடையது. இப்படியே ஒவ்வொரு முடிச்சாக முகர்ந்து பார்க்காத குறையாகப் போனேன். கடைசிப் பிரிவு வந்தது. இடப்பக்கச் செடியில் பச்சைக் கரை. வலப்பக்கச் செடியிலும் பச்சைக் கரை.

நான் ஒன்றுதான் கட்டினேன். எந்தப் பக்கம்? இரண்டு துணியையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே மஞ்சள், அதே பச்சை, அதே நைந்த நூல். காதுக்குள் ஊத்தங்கரை பஸ் ஹாரன் அடித்தது.

"என்னய்யா, உன் கொல்லை மறந்துபோச்சா?" என்றார் முதலாளி.

"காத்து வாங்கறேன் முதலாளி," என்று வலப்பக்கம் திரும்பினேன்.

பாதை ஒரு பெரிய புளியமரத்தில் முடிந்தது. கிளை தெரியாமல் மஞ்சள் துணி. கல் ஒன்றும் இல்லை. மரத்துக்குப் பின்னால் இருக்குமோ என்று போனேன், கூட்டமும் பின்னாலேயே வந்தது. பின்னாலும் இல்லை. முன்னால் வந்தேன். மறுபடி பின்னால் போனேன்.

எஞ்சினியர் குடையை ஊன்றி நின்றார். "ஏன்ரீ, இதே மரம் ஆகலே பார்த்தோமல்லவா?" அவர் பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ்; இந்த மரத்தை அப்போதே பார்த்தாயிற்றே என்கிறார்.

"ஆமாங்க சார். இங்க மூணு சுத்து சுத்தணும். அதுதான் வழக்கம்," என்றது என் வாய். அதற்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எஞ்சினியரின் மனைவி உடனே செருப்பைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். கடைசியில் முதலாளியும் புதுச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது சுற்று முடிந்தபோது, எஞ்சினியரின் மனைவி முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கிளையில் கட்டிக் கண்ணை மூடி நின்றார். என்ன வேண்டினாரோ, முகம் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று புரியவில்லை.

"எல்லா சரி. கல்லு எல்லி, எங்கே?" என்று கேட்டார் எஞ்சினியர்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் முதலாளி முந்திக்கொண்டார். "அது அடுத்த வாரங்க. மரத்துக்கு ஒரு நடை, கல்லுக்கு ஒரு நடை. ஒரே நாள்ல ரெண்டும் ஆகாதுங்க." பிறகு என் காதருகே, "நீ இங்கயே இருய்யா. ஊத்தங்கரைக்கு வேற ஆளைப் பார்க்கிறேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி அடுப்படியிலிருந்தே கைகூப்பினாள்.

"பலிச்சிடுச்சு பாருங்க. சூளகிரிப் பக்கம் சக்தியான எடம் ஒண்ணு கெளம்பியிருக்குன்னு தெருவே பஸ் ஏறிச்சு. நானும் வெள்ளிக்கெழம போய்ட்டு வந்தேன். கால் வலி, மரம் வரைக்கும் போவ முடியல. பாதை பிரியற எடத்துலயே வலப்பக்கச் செடியில கட்டிட்டு வந்துட்டேன். அந்தப் பழைய மஞ்சப் பொடவைதான். பாதியைக் காணோம், எலி இழுத்துக்கினு போயிருக்கும். மீதியில கிழிச்சேன்."

நான் தண்ணீர் குடித்தேன். அவள் கட்டிய துணி என்னை வழி மாற்றியது. வழி மாறியதால் வேலை நிலைத்தது. அப்படியானால் அவள் வேண்டுதல் பலித்ததா, நான் ஏமாந்ததா? யோசிக்க யோசிக்க மறுபடி அந்தப் புளியமரத்தைச் சுற்றுவது போலவே இருந்தது. எலி நான்தான் என்று சொன்னால் சாமி குற்றமாகுமோ, புடவைக் குற்றமாகுமோ என்றும் தெரியவில்லை.

"என்னன்னு வேண்டிக்கிட்ட?" என்று மட்டும் கேட்டேன்.

"மாத்தல் நின்னா உங்களுக்கு மொட்டை போடறதா."

அடுத்த ஞாயிறு தலையில் சந்தனத்தோடு அந்தப் பாதைப் பிரிவில் நின்றேன். இம்முறை இடப்பக்கம் திரும்பினேன். கற்கள் இருந்தன. மார்பில் அம்பு வாங்கியவன் அதே தெளிவோடு என் மொட்டையைப் பார்த்தான்.