பிறவிப் படையதிகாரி

எங்கள் பகுதி மருத்துவ நிலையத்தில் குருதிப் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஓர் அறிவிப்பைக் கண்டேன். 'உங்கள் மொழியைச் சுட்டிக்காட்டுங்கள்' என்று அவரவர் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தமிழில் ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவில்லை. அந்தக் குற்றத்தைக் கண்டதில் என் இரத்த அழுத்தம் சற்றே சீரடைந்தது. பட்டியலின் உச்சியில் அசர்பைஜானி. "நீ வந்து சேர முப்பத்தைந்து ஆண்டுகளா?" என்று அதனைக் கேட்டேன். அருகிலிருந்த பெண்மணி எழுந்து இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தார்.

எண்பதுகளின் பிற்பகுதியில், லூயிஷாம் சந்தைக்குப் பின்புறத்து மாடியறை ஒன்றில் ஏதிலிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் பணி. யாழ்ப்பாணத்தில் இலக்கணம் கற்பித்தவன், இலண்டனில் பெயர்களைக் கட்டத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்டேன். மழை நாள்களில் அவ்வறை நனைந்த கம்பளி மணக்கும். அந்த மணம் இன்று எங்கு எழுந்தாலும் ரஹீமின் மேலங்கிதான் நினைவில் முதலில் வரும். மனிதன் பிறகுதான் வருவான்.

ஈரானின் தப்ரீஸ் நகரத்தவன்; வயது இருபத்தாறு. ஈராக்குடன் நடந்த போருக்கு ஆள் சேர்த்தபோது, எவரையும் சுட மாட்டேன் என்று மலை கடந்து ஓடி வந்தவன். அவனுடைய அடைக்கல விண்ணப்பம் அந்த ஒரு செய்தியின் மேல்தான் நின்றது. அது பொய்யென்று பட்டால் நேரே திரும்பிப் போக வேண்டும். அங்கே சிறை காத்திருந்தது.

தாய்மொழி எது என்று கேட்டேன். "துர்க்கி" என்றான். துருக்கி மொழி என்று எழுதினேன்.

"மாஸ்ரர், அந்தாள் ஈரானெண்டெல்லோ சொன்னவர்?" என்றாள் எங்கள் தட்டச்சுப் பணியாளர் சிவமலர்.

"அவற்ர மொழி அவருக்குத் தெரியாதே, பிள்ளை?"

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்."

எனக்குத் தெரியாதது இதுதான். அசர்பைஜானி பேசுவோரில் பெரும்பகுதியினர் ஈரானில் வாழ்கிறார்கள். தம் மொழியைத் துர்க்கி என்றே அழைக்கிறார்கள். எல்லையாக ஓடும் அராஸ் ஆற்றின் அக்கரையில், அன்றைய சோவியத் நாட்டில், அதே மொழிக்கு இரசிய எழுத்து. இக்கரையில் அரபு எழுத்து. ஆனால் பள்ளிக்கூடத்தில் பாரசீகம். துருக்கியரின் மொழி இதற்கு உடன்பிறப்பு என்பது உண்மை. உடன்பிறந்தார் ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாக விளங்கிக்கொண்ட குடும்பத்தை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா, நண்பரே?

சிவமலருக்கு மொழியியலில் அக்கறையில்லை. தேநீர்க் கோப்பையைக் காட்டி "பால் விடட்டோ?" என்று அவனைக் கேட்டாள். ரஹீமின் முகம் மலர்ந்தது; அவன் மொழியில் பால் என்றால் தேன். வந்த பாலை மரியாதைக்காக முழுவதும் குடித்து முடித்தான். அடுத்து, மணமானவரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மோதிரமில்லாத விரலைக் காட்டி "சுபாய்" என்றான்.

"சும்மா இருக்கிறாராம், மாஸ்ரர்" என்றாள் சிவமலர்.

சொற்பிறப்பாய்வை இவ்வாறு இழிவுபடுத்தலாகாது என்று கண்டித்தேன். ஆயினும் சொல் மனத்தில் பதிந்துவிட்டது.

அவனுடைய வாக்குமூலத்தைப் பதிய வழக்கறிஞர் அம்மையார் ஒருவர் நாள் குறித்தார். என் படிவத்தை நம்பி, இஸ்தான்புல்லைச் சேர்ந்த பண்பான மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் வரவழைத்திருந்தார். துணைக்குச் சென்ற நான் வாய் திறக்கலாகாது என்பது நிபந்தனை. ஊர், பெயர், பள்ளி எல்லாம் ஒழுங்காக ஓடின.

"மணமானவரா?"

"இல்லை, சுபாய்" என்றான் ரஹீம்.

"இல்லை, படையதிகாரி" என்று பெயர்த்தார் இஸ்தான்புல்லார். அவர் மொழியில் அச்சொல்லுக்கு அதுதான் பொருள்; ரஹீமின் மொழியிலோ மணமாகாதவன்.

அம்மையாரின் பேனா நின்றது. போர் வேண்டாமென்று ஓடி வந்தவனல்லவா இவன்?

"எவ்வளவு காலமாக?"

"பிறந்த நாள் தொட்டு."

"குடும்பத்தில் வேறு எவரேனும்?"

"அண்ணன் இருந்தார். முப்பது வயதில் விட்டுவிட்டார். அம்மாவின் நச்சரிப்பு."

"நீங்கள் விட முயலவில்லையா?"

"இரண்டு முறை முயன்றேன். பெண்ணின் தகப்பன் ஒப்பவில்லை."

படைத்துறையில் நடக்காத விந்தையா என்ற முகத்துடன் மொழிபெயர்ப்பாளர் அதையும் பெயர்த்தார். அம்மையார் அதையும் எழுதினார். கையொப்பத்துக்காகத் தாள் ரஹீமிடம் நீண்டது. ஆங்கிலம் வாசிக்க அறியாத அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான். அத்தாள் மேலே போயிருந்தால் பொய்யன் என்ற ஒரே சொல்லோடு அவன் கதை முடிந்திருக்கும்.

நான் வாய் திறந்தேன். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. "சும்மா இருக்கிறார், அம்மா, ஆள் சும்மா இருக்கிறார்" என்று தமிழில்தான் வந்தது. அவன் மோதிர விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். முதலில் விளங்கிக்கொண்டவர் இஸ்தான்புல்லார். மேசையில் தலை கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். பிழை என் படிவத்தில் தொடங்கியது என்று அம்மையாரிடம் ஒப்புக்கொண்டேன்.

"இன்னும் எத்தனை பேரைத் துருக்கியராக்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"இவர் ஒருவரைத்தான்."

அம்மையார் தாளின் குறுக்கே கோடிட்டார். தப்ரீஸ் மாணவி ஒருத்தியை வைத்து வாக்குமூலம் புதிதாக எழுதப்பட்டது. மறு ஆண்டு ரஹீமுக்கு அனுமதி கிடைத்தது.

பின்னர் சோவியத் நாடு உடைந்தது. அக்கரை தனி நாடாகி இலத்தீன் எழுத்துக்கு மாறத் தொடங்கியது. பழைய பெயர்ப்பலகைகள் இறங்குமுன் ரஹீம் அதன் தலைநகர் பாக்குவுக்குப் போய் வந்தான். (வெற்றிலை தேட வேண்டாம், அது ஊரின் பெயர்.) "கண்ணை மூடினால் என் வீடு. திறந்தால் ஒரு பலகையும் வாசிக்க முடியவில்லை" என்றான். தொண்ணூறுகளின் நடுவில் மணமுடித்துக் கனடாவுக்குப் போய்விட்டான்.

அம்மையார் ஓய்வுபெற்றார், அவருடைய அலுவலகம் வேறொன்றுடன் இணைந்தது. குறுக்குக் கோடிட்ட அந்தத் தாளை நினைவுக்காகக் கேட்டு எழுதினேன். பழைய கோப்புகளை எல்லாம் முறைப்படி அழித்துவிட்டதாக இரண்டு வரியில் விடை வந்தது. பிறந்த நாள் தொட்டுப் பணியிலிருந்து, ஒரு குண்டும் சுடாமல், பெண்ணின் தகப்பனிடம் மட்டும் இருமுறை தோற்ற அந்த அதிகாரியின் சேவைக்கு இன்று எழுத்தில் ஒரு சான்றும் இல்லை.