காலை முதல் பாடவேளை

சென்ற ஆண்டு ஏப்ரல், ஒரு வெள்ளிக்கிழமை காலை, டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் எங்கள் வீட்டுக் குசினி. வெளியே வெயில் இருந்தது, சூடு இல்லை. எனக்குப் பின்நேர வேலை. மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேநீர், கணினித் திரையில் என் மகள். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே காலை எட்டு மணி, அங்கே பிற்பகல் மூன்று. அங்கத்தைய ஐந்து மணிக்குள் முதல் பருவத்துப் பாடங்களைத் தெரிவுசெய்து அனுப்பிவிட வேண்டும்.

கால அட்டவணையைத் திரையில் காட்டினாள். ஆங்கிலத்தில் நடக்கும் பொருளியல் அறிமுகமும், ஐந்து நாளும் நடக்கும் ஜப்பானிய மொழி வகுப்பும் காலை முதல் பாடவேளையிலேயே மோதின. ஒன்றை எடுத்தால் மற்றது அடுத்த ஆண்டுதான்.

"இங்கிலிஷிலையே பட்டம் முடிக்கலாம் எண்டுதானே போட்டிருக்கினம். பொருளியலை எடு. மொழி கடை தெருவுக்குப் போகப் போகத் தானா வரும்," என்றேன்.

"உங்களுக்கு வந்ததோ, அப்பா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு மாதம் மொழிப்பள்ளிக்குப் போனேன். மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டேன். அங்கே என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் எங்கட ஆட்கள். மீனும் தமிழுமாகவே வருடங்கள் போயின. டேனிஷ் எனக்கு வரவில்லை. எனக்காக என் மகளுக்கு வந்தது. ஏழு வயதில், என் கையைப் பிடித்துக்கொண்டு, வைத்தியரிடமும் வங்கியிலும் எனக்கு அவள்தான் வாய். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் ஆசிரியை முகத்தைச் சுளித்தபடி ஐந்து நிமிடம் ஏதோ சொன்னார். இவள் திரும்பி, "நான் நல்ல பிள்ளையாம்," என்றாள். நானும் நம்பி, ஆசிரியைக்கு மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்!

"முந்தாநாள் முகவரி பதிய இங்கத்தை நகரசபைக்குப் போனனான்," என்றாள். "பக்கத்தில ஒரு அம்மாவும் மகளும். எந்த நாட்டு ஆக்களோ தெரியேல்லை. அந்தச் சின்னன்தான் எல்லாத்தையும் மொழிபெயர்த்தது. அம்மா ஒண்டும் விளங்காமல் சிரிச்சுக்கொண்டு நிண்டா. அது உங்கட சிரிப்பு, அப்பா. எனக்கு இங்க மொழிபெயர்க்க ஆரிருக்கினம்?"

வாக்குவாதம் வந்தால் டேனிஷுக்குத் தாவிவிடுபவள். அன்று ஒரு சொல் கூட டேனிஷில் வரவில்லை. நான் ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அலுமாரியின் மேல், இங்கே உயர்பள்ளி முடித்த அன்று அவளுக்குப் போட்டுவிட்ட வெள்ளை மாணவர் தொப்பி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன்:

"அந்த மொழி வகுப்பு விடிய எத்தினை மணிக்கு?"

"எட்டு ஐம்பதுக்கு."

"நித்திரை கொண்டிடாதை. நீ காலமை எழும்பிற ஆள் இல்லை."

"ஓம், ஓம்," என்றாள். பொத்தானை அழுத்திய சத்தம் எனக்கும் கேட்டது.

வேலைக்குப் புறப்படும் நேரம் என் கைபேசியில் கொமூனிலிருந்து, அதாவது எங்கள் நகரசபையிலிருந்து, டேனிஷில் கடிதம் ஒன்று வந்தது. வழக்கம்போல மொழிபெயர்க்கச் சொல்லி அவளுக்குத் தட்டிவிட விரல் போனது. விரலை எடுத்துவிட்டேன். அகராதியோடு இருந்து நாற்பது நிமிடம் மல்லுக்கட்டினேன். வேலைக்குப் பிந்தியும் போனேன். வீதியில் குப்பைத்தொட்டிகளை மாற்றப்போகிறார்களாம், அவ்வளவுதான்.

புதுத் தொட்டி வந்து வாசலில் நிற்கிறது. குப்பை போடப் போகும்போதெல்லாம், இத்தனை வருடம் எனக்கு வாயாக இருந்த பிள்ளைக்கு அன்றைக்குத்தான் விடுமுறை கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.