ஆமையின் வாயோரத்து வெள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவன். எழுத வராது என்று சொல்லிக்கொண்டதெல்லாம் சாக்கு. உண்மையில் பயம்.

மருமகனுக்கு அந்தமானில் வேலை. மகள் கூப்பிட்டாள் என்று நானும் வீட்டுக்காரியும் போனோம். எங்கள் பக்கம் கோவில் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்பதே அபூர்வம். நின்றால், அமாவாசை தவறாமல் மீனுக்குப் பொரி போடுவேன். வாயில்லா ஜீவன் தின்றால் முன்னோருக்குப் போய்ச் சேரும் என்பது என் நம்பிக்கை. அந்தமானுக்கும் பொரி கொண்டுபோயிருந்தேன்.

ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் படகில் போனோம். சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன், ஆமை எல்லாம் பார்க்கலாம் என்றாள் மகள்.

"கெணத்துல ரெண்டு படி எறங்குனாலே இவுகளுக்குக் காலு நடுங்கும்" என்றாள் வீட்டுக்காரி.

"நீச்சல் தெரியாட்டியும் பரவால்லம்மா. கூட வாறவரு அப்பா கைய விடவே மாட்டாரு."

"கட்டுன பொண்டாட்டி கையப் பிடிச்சு ரோட்டத் தாண்டுனதில்ல. இன்னைக்காவது யாரு கையவாச்சும் பிடிக்கட்டும்."

கூட்டிப்போகிறவர் தூத்துக்குடிக்காரர். இறங்கும் முன் சொன்னார்: "அய்யா, உள்ள எதையும் தொடக்கூடாது. எதையும் போடவும் கூடாது, பிஸ்கட்டு கூட." தலையாட்டினேன். அன்று அமாவாசை. ரப்பர் உடுப்பின் கைக்குள் பொரி இருந்தது. கடையில் கல்கண்டு கட்டித் தரும் சின்ன கண்ணாடி பிளாஸ்டிக் கவரில் முடிந்து வைத்திருந்தேன். அவர் சொன்னது குப்பை போடுகிறவர்களுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்திருந்ததால் என் கையைப் பார்க்கவில்லை. கவரைக் கிழித்தேன். பொரி நசுங்கி மாவாகியிருந்தது. எங்கிருந்தோ மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் வந்து மொய்த்தன. அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போது பாறைக்கு அடியிலிருந்து ஆமை எழும்பி வந்தது. எங்கள் கடை மேசை அகலம் இருக்கும். பெருமாள் எடுத்த உருவமல்லவா. என்னையறியாமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். கவர் நழுவியது.

அந்தக் கவர் தண்ணீரில் வாய் திறந்து உப்பி, உயிருள்ளது போல அசைந்து போனது. கூப்பிய கையைப் பிரிக்காமலே நீட்டினேன், எட்டவில்லை. ஆமை நேராக அதனிடம் போய்க் கவ்வியது. விழுங்கியதா துப்பியதா, தெரியாது. வலப்பக்கம் திரும்பி இருட்டுக்குள் போய்விட்டது. அவர் அதற்குள் முன்னால் வந்து, ஒரு கையால் என் சிலிண்டர்ப் பட்டையைப் பிடித்தபடி மறு கையால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கவர் அவர் கண்ணில் படவில்லை.

படகில் ஏறியதும், "அய்யா, இவ்ளோ பக்கத்துல அது யாருக்கும் வந்ததில்ல" என்றார். வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியே வந்துருக்கு. இவுக பிடிச்ச அமாவாச விரதம் வீண்போகல."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் திரும்ப இறங்கித் தேடியிருப்பார். அவருக்கும் மகளுக்கும் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன்.

மகள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினாள். வீட்டுக்காரி சாமி படங்களோடு மாட்டினாள். கைகூப்பி நிற்கிறேன், எதிரே ஆமை, அதன் வாயோரத்தில் கொஞ்சம் வெள்ளை. எல்லாரும் அதை வெளிச்சம் என்கிறார்கள். தினமும் அதற்கு முன்னால்தான் விளக்கேற்றுகிறோம். கண்ணை மூடினாலும் அந்த வெள்ளை தெரிகிறது. கவர் இல்லாமல் கடை நடத்தப் பார்க்கிறேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் சிலர் முறைக்கிறார்கள்.

போன மாதம் பாலவனத்தத்திலிருந்து ஒரு அம்மா கேள்விப்பட்டு வந்து, மகளுக்குப் பிள்ளை வேண்டி அந்தப் படத்துக்கு மாலை போட்டார். அன்று மாலையே வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

போய் அந்த வெள்ளையை உற்றுப் பார்த்தாள். "அப்பயே சொல்லிருந்தா அந்தத் தம்பி எறங்கியிருப்பாருல்ல?"

"எறங்கியிருப்பாரு."

"பிறகு ஏன் சொல்லல?"

படத்தை இறக்கட்டுமா என்றேன். "வேணாம். இருக்கட்டும். நீங்க தெனமும் பாருங்க" என்றாள்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல். என் மேல் இரக்கப்பட்டு, தெரியாமல் செய்தான் என்று சொல்ல வேண்டாம். எதையும் போடக்கூடாது என்று சொல்லித்தான் அவர் என்னை இறக்கினார். ஆமை துப்பியிருக்கும், பிழைத்திருக்கும் என்றும் சேர்க்க வேண்டாம். நான் அதைப் பார்க்கவில்லை.