சண்முகசுந்தரியின் மூன்றாவது நேர்காணல்

வேதியியல் பட்டம் வாங்கிய கையோடு சண்முகசுந்தரிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பனவடலிசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பிள்ளைகள், நான்கு மாடுகள் என்று பதினைந்து வருடம் ஓடியது. சின்னவள் ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு, முப்பத்தாறு வயதில், சங்கரன்கோவிலில் வேலை தேட ஆரம்பித்தாள்.

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை யூடியூபில் பார்த்து ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. எதிரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். "இத்தன வருசமா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். "சும்மாதான் சார் இருந்தேன்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அது பிடிக்கவில்லை. அங்கிருந்து போன் வரவே இல்லை.

மூன்றாவதாக, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை. கடையநல்லூரில் இருக்கும் ரிஸானாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். ரிஸானா இப்போது ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்பவள்.

"ஏட்டி, சும்மா இருந்தேன்னா சொன்ன? அப்ப நாலு மாட்டையும் கறந்தது யாரு?" என்றாள் ரிஸானா. "சரி, அந்தக் கம்பெனியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"பால் வாங்குவாங்க."

"அது எனக்கே தெரியும். போய் ஒரு தடவ பாத்துட்டு வா."

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால், விடிந்ததும் கணவன் சுடலைராஜின் பைக்கில் ஏறிப் போனாள். "வேல கெடைக்குமுன்னயே டூட்டிக்குப் போற ஆளு நீ ஒருத்திதான்" என்றான் அவன். ஆனாலும் எதிரே இருந்த டீக்கடையில் ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தான்.

திறந்த கேட்டுக்கு உள்ளே கேன்கள் இறங்குவதும் சோதனை நடப்பதும் நன்றாகத் தெரிந்தது. ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். "நேத்து நல்லா இருந்த பாலு இன்னைக்கு எப்படிவே தண்ணியாப் போவும்?" சோதித்த ஆள் தலையைத் தூக்காமல், "மெஷின் சொல்லுது அண்ணாச்சி" என்றான். பெரியவர் கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சுந்தரி கவனித்தது வேறொன்று. கேனைக் கலக்காமலே அடியிலிருந்து பால் எடுத்துச் சோதித்திருந்தார்கள். ஆடையெல்லாம் மேலே நின்றால் அடியில் கொழுப்பு எப்படி வரும்?

நேர்காணலன்று அவளோடு சேர்த்து ஐந்து பேர் காத்திருந்தார்கள். நான்கு பேரும் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள். ஒருவன் எம்.எஸ்ஸி. அதைக் கேட்டதும் சான்றிதழ்களை எடுத்து மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டாள்.

உள்ளே மேலாளர் காசிராஜனும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மாளும் இருந்தார்கள். அம்மாள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"மேடம், தமிழ்ல சொல்லட்டுமா? இங்கிலீஷ் எழுதப் படிக்க நல்லா வரும். பேசும்போது தட்டுது."

"சொல்லுங்க."

காசிராஜன் தாளைப் பார்த்துவிட்டு, "படிச்சு முடிச்சுப் பதினஞ்சு வருசம் ஆச்சே?" என்று கேட்டார்.

"மாடு வளத்தேன் சார். இப்பவும் தெனம் ரெண்டு நேரம் சொசைட்டிக்குப் பால் ஊத்துதேன். மடிநோய் ஆரம்பிச்சா முதல் பீச்சுப் பாலப் பாத்தே சொல்லிருவேன்."

காசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலில் கிருமி அளவைக் கண்டுபிடிக்கும் சாயச் சோதனையைப் பற்றி அம்மாள் கேட்டார். சுந்தரிக்குப் பெயர் மட்டும்தான் நினைவில் இருந்தது.

"படிச்சிருக்கேன் மேடம், மறந்துபோச்சு. ஒரு தடவ காமிச்சா செஞ்சிருவேன்."

"விவசாயி வந்து மெஷின் பொய் சொல்லுதுன்னு சண்டை போட்டா என்ன செய்வீங்க?" என்று அம்மாளே அடுத்துக் கேட்டார்.

"கேனை நல்லாக் கலக்கி, அவரு கண்ணு முன்னாலயே இன்னொரு தடவ எடுத்துப் பாப்பேன். முந்தாநாள் இங்கன ஒருத்தருக்குக் கலக்காமத்தான் பாத்தாங்க. அவரு கோவத்துல பாலத் திருப்பிக் கொண்டுபோயிட்டாரு."

காசிராஜனின் முகம் இறுகியது. "நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட வந்தேன் சார். யாரையும் கோள் சொல்லல. கேட்டீங்க, அதான்."

வெளியே வந்ததும், பைக்கோடு காத்திருந்த சுடலைராஜிடம், "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

அந்த வேலை எம்.எஸ்ஸி. பையனுக்குப் போனது. வேலை இல்லை என்று வந்த கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனாள்.

ஒன்பது நாள் கழித்துக் காசிராஜனே போன் செய்தார். "நீங்க சொன்னத மறுநாளே சோதிச்சுப் பாத்தேம்மா. சரிதான். குருவிகுளம் பக்கம் ஆறு ஊர்ல பால் எடுக்கோம். அங்கன சோதன ஒழுங்கா நடக்கான்னு பாக்கணும், ஊத்துறவங்ககிட்டயும் பேசணும். டவுன்ல வளந்த பிள்ளைகள அனுப்பினா நிக்க மாட்டேங்குது. வண்டி ஓட்டுவீங்களா?"

"ஸ்கூட்டி ஓட்டுவேன் சார். லைசென்ஸ் இன்னும் எடுக்கல. ஒன்றர மாசம் ஆகும்."

"எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்த ஐப்பசியில் சேர்ந்தாள். மழைக்குக் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். குச்சியால் சுரண்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். காலையில் மாடு கறக்கும் வேலை சுடலைராஜுக்கு வந்துவிட்டது. முதல் வாரம் இரண்டு மாடுகள் அவனை உதைத்தன. ஆறு மாதத்தில் அவளை நிரந்தரமாக்கினார்கள்.